வெள்ளை வந்தால் பாறை

சித்திரை 3, புதன்

மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் கை கழுவும் முன்பே போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். தேன்கல் மலையில் டென்ட் போட்டுத் தங்குகிற இடங்களாம். மாவு மில்லுக்குப் புது மோட்டார் மாட்ட மூன்று நாள் ஆகும். அந்த மூன்று நாளும் வீட்டில் புழுங்கிக் கிடப்பதற்கு மலைக்குப் போய்விட்டு வரலாம் என்கிறார். அவருடைய அக்கா, என் நாத்தனார் மரகதம் நங்கையும், நங்கையின் மகன் சபரீசனும் கூட வருகிறார்களாம். எங்கள் மகள் மிதுனாவுக்கும் சபரிக்கும் வைகாசியில் நிச்சயம் வைப்பதாகப் பேச்சு. அதற்கு முன் பிள்ளைகள் இரண்டும் நாலு வார்த்தை பேசிப் பழகட்டும் என்பது நங்கையின் யோசனை.

மூன்று இடம் காட்டினார். ஒன்று ஏரிக்கரை. படத்திலேயே பஜ்ஜிக் கடை தெரிந்ததால் அதை அவரே தள்ளிவிட்டார். அடுத்தது ஓடைத்துறை. நீர்மருத மரங்களுக்கு நடுவே ஓடை, டென்டிலிருந்து பத்தடி நடந்தால் கழுத்தளவு மடு. மூன்றாவது மொட்டைப்பாறை. படுத்திருக்கிற யானை முதுகு மாதிரி ஒரே பாறை, அதன்மேல் நான்கு டென்ட், கீழே கண்ணுக்கு எட்டும் வரை சமவெளி.

மிதுனா போனைப் பிடுங்கிக்கொண்டாள். “அப்பா, அந்த மடுவப் பாருங்க. அடியில கூழாங்கல்லு தெரியுது. விடியால எந்திரிச்சதும் குதிச்சர்லாம்.” கூடத்தில் தொங்கும் மூன்று நீச்சல் மெடலும் அவள் வாங்கியவை.

“பாறைதான் நல்லா இருக்குது” என்றேன்.

“பாறையில என்ன புள்ள இருக்குது?”

“காத்து.”

“காத்து நம்ம மொட்டமாடியில இல்லையா? சித்திரை வெயில்ல பாறை மேல படுத்தம்னா அப்பளமாட்டப் பொரிஞ்சு போவோம்.”

அப்பாவும் மகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ரசத்தை இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன்.

சித்திரை 4, வியாழன்

இந்த நோட்டின் முன்பக்கம் வீட்டுக் கணக்கு. பின்பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

பங்குனி இரண்டாம் தேதி காலை குளிக்கப் போன மிதுனா வெகுநேரம் வரவில்லை. தாழ்ப்பாளை உடைத்துத்தான் திறந்தேன். ஈரத் தரையில் கிடந்தாள். கண் மேலே செருகி, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் நுரை. அவர் மில்லில் இருந்தார். நான் மட்டும்தான். செல்லாண்டியம்மா, செல்லாண்டியம்மா என்று கத்திக்கொண்டே அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். குழாயை மூட வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை.

பல் டாக்டர் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனேன். படிக்கும்போது ஹாஸ்டலில் ஒரு தடவை இதேபோல் வந்ததாக அவள் டாக்டரிடம் சொன்னபோதுதான் எனக்கே தெரியும். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: “இது வலிப்பு. சாமி குத்தமும் இல்ல, காத்துக் கருப்பும் இல்ல. காலையில ஒன்னு, சாயந்தரம் ஒன்னு. ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. நீங்களா நிறுத்தவே கூடாது. தண்ணியில இறங்கக் கூடாது, உயரத்துல ஓரமா நிக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது. மத்தபடி எல்லாரையும் மாதிரி இருக்கலாம், கல்யாணம் பண்ணிக்கலாம்.”

டாக்டரம்மாவுக்கு மரகதம் நங்கையைத் தெரியாது. போன வருஷம் சபரிக்கு வந்த ஒரு ஜாதகத்தை, பெண்ணின் சித்திக்கு வலிப்பு என்று கேள்விப்பட்டு, காபிகூடக் குடிக்காமல் திருப்பி அனுப்பியவர் அவர்.

பஸ்ஸில் வரும்போது மிதுனா, “அப்பாகிட்டயாவது சொல்லீர்லாம்மா” என்றாள். அப்பாவுக்குத் தெரிந்தால் அக்காவுக்கு அரை நாளில் தெரிந்துவிடும் என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாருக்கும் தெரிய வேண்டாம் என்று இரண்டு பேருமாகத்தான் முடிவு செய்தோம்.

இன்றோடு முப்பத்து மூன்று நாள். ஒன்றும் வரவில்லை. மாத்திரையை நானே எண்ணிப் பிதுக்கிக் கையில் கொடுக்கிறேன்.

சித்திரை 7, ஞாயிறு

நங்கையும் சபரியும் வந்திருந்தார்கள். பேச்செல்லாம் மலையைப் பற்றித்தான்.

“எனக்கு ஓடைதான் வேணுஞ்சாமி” என்றார் நங்கை. “ரெண்டு முழங்காலையும் அந்தத் தண்ணிக்குள்ள உட்டு உக்காந்துக்கறேன். மீனு வந்து கடிச்சா வலி போயிருமாமா.”

“உங்க கால மீனு கடிச்சா மீனுக்குத்தான் வலி வரும்” என்றார் இவர்.

“ஏண்டா, அக்காவப் பாத்துப் பேசற பேச்சா இது?”

சபரி மிதுனாவைப் பார்த்து, “எனக்கு நீச்சல் தெரியாது. நீ சொல்லிக் குடுத்தா எறங்கறேன்” என்றான். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். “அம்மாதான் பாறைங்குது” என்றாள்.

ஓடையில் அட்டை இருக்கும் என்றேன். உப்புப் போடலாம் என்றார்கள். கோடை மழை பெய்தால் திடீரென்று வெள்ளம் வரும் என்றேன். மழை வரும் நாளைப் போனிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். சொல்லச் சொல்ல எனக்குக் குரல் கிறீச்சிட்டது. நங்கை என்னை உற்றுப் பார்த்தார். “ஏம் பாவாத்தா, உனக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா?”

அப்போதுதான் சொன்னேன்: “எதுக்குங்க சண்டை? செல்லாண்டியம்மன்கிட்டப் பூ கேட்டுப் போடலாம்.”

உடனே எல்லோரும் அடங்கிவிட்டார்கள். கிணறு வெட்டியதும், மில் வைத்ததும் எங்கள் குடும்பத்தில் பூ கேட்டுத்தான்.

சித்திரை 12, வெள்ளி

காலையில் தோட்டத்துக் கோயிலுக்கு எல்லோரும் போனோம். பூசாரி அமாவாசைக்குத்தான் வருவார். மற்ற நாளில் பொட்டலம் மடிப்பது நான். வெள்ளை வந்தால் பாறை, சிவப்பு வந்தால் ஓடை என்று சொல்லி, அரளிப்பூவை வெற்றிலையில் மடித்து நூல் சுற்றி, இரண்டு பொட்டலத்தையும் அம்மன் காலடியில் வைத்தேன். மிதுனா வெகுநேரம் கண்ணை மூடிக் கும்பிட்டாள். பிறகு ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

வெள்ளை.

“செரி, பாறைன்னா பாறை. அம்மனே சொன்னப்பறம் பேச்சென்ன?” என்றார் நங்கை. கீழே கிடந்த மற்றதையும் எடுக்கக் கையை நீட்டினார். அதைப் பிரிக்கக் கூடாது நங்கை என்று சொல்லி நான் எடுத்துக்கொண்டேன்.

சித்திரை 13, சனி

மற்ற பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன்.

சித்திரை 16, செவ்வாய்

இடம் பிடிக்க முகாம்காரருக்குப் போன் போட்டார். நான் வாங்கி, பாறை விளிம்பில் வேலி இருக்கிறதா என்று கேட்டேன். “இருக்குதுங்கக்கா, கொழந்தைங்கெல்லாம் வராங்க” என்றார். மனதுக்கு ஆறுதலாக இருந்தது.

எடுத்து வைத்தவை: புளிச்சாதத்துக்குப் புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில், இட்லிப் பொடி, கம்பளி ஐந்து, டார்ச் இரண்டு, நங்கைக்குத் தைலம், சூடம், தீப்பெட்டி. மாத்திரை ஆறு போதும். பத்து எடுத்துக்கொண்டேன்.

மிதுனா முகம் இந்த நாலு நாளாக நன்றாக இருக்கிறது. பாட்டுக்கூட முணுமுணுக்கிறாள். மாத்திரையைக் கொடுத்தால் முன்போல் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு போகிறாள். அம்மன் கண் திறந்திருக்கிறாள்.

சித்திரை 19, வெள்ளி

விளக்கு ஏற்றினேன். அணைந்தது. திரியை மாற்றி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு ஏற்றியபோதுதான் நின்றது. காற்றுதான் என்று எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

எழுதிவிடுகிறேன். இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை அரளிதான் வைத்தேன். சிவப்பைப் பறிக்கவே இல்லை. ஒரு தாய் வேறு என்ன செய்வாள்? அந்த மடுவில் என் பிள்ளை இறங்கி, அதுவும் அப்போது வந்துவிட்டால்? அம்மனுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவளுக்குப் புரியும். ஆனால் ஒரு வாரமாகச் சந்நிதியில் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சித்திரை 24, புதன்

மொட்டைப்பாறை. ராத்திரி, டென்டுக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

படத்தில் பார்த்ததைவிட அழகு. மதியம் மூன்று மணிக்கே மேகம் காலுக்குக் கீழே நகர்ந்தது. நங்கை, “அம்மன் எடங் காட்டுனா சும்மாவா காட்டுவா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். இவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரி நடந்தார்.

வேலி என்று முகாம்காரர் சொன்னது நான்கு குச்சியும் ஒரு நைலான் கயிறும். அதுவும் முழங்கால் உயரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இரண்டு எட்டு பாறை, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. எட்டிப் பார்த்தவள் கயிற்றை விட்டுப் பின்னால் வந்துவிட்டேன். தண்ணீரையே நினைத்துக்கொண்டிருந்தேன். உயரத்துல ஓரமா நிக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னதை நானேதான் இந்த நோட்டில் எழுதியிருக்கிறேன்.

ஐந்து மணிக்குச் சாமி கும்பிடச் சூடம் தேடினேன். என் பையில் அகப்படவில்லை. மிதுனாவின் பையில் பார்த்தேன். அடியில் ஹேர்பின் டப்பா ஒன்று குலுங்கியது. திறந்தால் வெள்ளை வெள்ளையாக மாத்திரை. எண்ணினேன். இருபத்து நான்கு.

மறுபடி எண்ணினேன். இருபத்து நான்குதான். காலையும் மாலையும் என்றால் பன்னிரண்டு நாள். பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனால், பூ கேட்ட அன்று சாயந்தரம் வந்து நிற்கிறது. என் கணக்கில் ஒன்றும் பிசகவில்லை. நான் கொடுத்தேன். அவள் விழுங்கவில்லை.

டென்டுகளுக்குப் பின்னால் கூட்டிப்போய் டப்பாவை நீட்டினேன். “இது என்ன கண்ணு?”

அவள் பயப்படவே இல்லை. “எனக்கு இனி வேண்டாம்மா.”

“ஆரு சொன்னா வேண்டாம்னு?”

“அம்மன். நீங்கெல்லாம் பாறையா ஓடையான்னு கேட்டீங்க. நானும் மனசுக்குள்ள ஒன்னு கேட்டேன். வெள்ளை வந்தா எனக்கு ஒன்னுமில்ல, மாத்திரையே வேண்டாம். செவப்பு வந்தா அத்தைகிட்டயும் சபரி மச்சாங்கிட்டயும் நானே போய்ச் சொல்லீர்றது. வெள்ளைதானம்மா வந்துச்சு? என்ற கையாலதான எடுத்தேன்?”

அந்தப் பக்கம் நங்கை எதற்கோ சத்தமாகச் சிரித்தார்.

“ரெண்டுலயும் வெள்ளை கண்ணு.”

“என்ன?”

“ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வெச்சேன். உன்னைத் தண்ணியில எறங்க உடக் கூடாதுன்னு.”

என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடிப்பாளோ என்றுகூட நினைத்தேன். “அப்ப அம்மன் எனக்கு ஒன்னுமே சொல்லலையா?” என்றாள். நாலு வயதில் கேட்ட குரல் அது.

“இல்ல சாமி. நாந்தான் சொன்னேன்.”

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துத் தண்ணீர் இல்லாமலே விழுங்கினாள். “அப்பாகிட்டயும் அத்தைகிட்டயும் நீதான் சொல்லோணும். எனக்காகத்தான் மறைச்சேன்னு மட்டும் சொல்லாத. நான் ஒரு நாளும் மறைக்கச் சொல்லலை.”

அவள் அப்படி நினைக்கிறாள். நாளைக் காலை காபி குடித்ததும் சொல்லிவிடுவேன். ராத்திரியில் சொன்னால் இந்த இருட்டில் யாரும் எங்கும் போகவும் முடியாது. அவள் படுக்கையை என் பக்கம் இழுத்துப் போட்டு, அவள் தாவணி முனையை... இல்லை, இப்போது யார் தாவணி போடுகிறார்கள், அவள் கம்பளி முனையை என் கையில் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

சித்திரை 25, வியாழன்

மலையடிவாரத்து ஆஸ்பத்திரியில் இருந்து. மிதுனா தூங்குகிறாள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காபி குடித்தோம். அப்போது சொல்லவில்லை. இட்லி சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பிட்டோம். இவர் பல் குத்திக்கொண்டு நங்கையிடம் மண்டபம் பிடிப்பது பற்றிப் பேசினார். அது முடியட்டும் என்று இருந்தேன்.

“கண்ணு, அந்த ஓரத்துல நின்னு ரெண்டு பேரும் ஒரு படம் புடிங்க. பின்னால மேகமெல்லாம் வரோணும்” என்றார் நங்கை.

மிதுனா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். பிடிவாதமாக நடந்தாள். சபரி கயிற்றைத் தாண்டி, அவளுக்குக் கை கொடுத்தான். அவளும் தாண்டினாள். அவள் துப்பட்டா காற்றில் படபடவென்று அந்தரத்தில் அடித்தது. அவளுக்குப் பின்னால் வெறும் வானம்.

சபரி கையை விட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

டம்ளர் என்ன ஆனது என்று தெரியாது. ஓடினேன். “அவளப் புடி சபரி! அவளுக்கு வலிப்பு இருக்குது! புடி!” என்று கத்தினேன். பக்கத்து மலை அதை வாங்கி, ‘இருக்குது, புடி’ என்று திருப்பிக் கொடுத்தது. முகாம்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

மிதுனாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நன்றாகத்தான் நின்றுகொண்டிருந்தாள். சபரி ஒன்றும் கேட்காமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கயிற்றுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து உட்கார வைத்தான்.

பாறை மேலேயே எல்லாவற்றையும் சொன்னேன். குளியலறை, பல் டாக்டர், மாத்திரை. பூவையும் சொன்னேன்.

நங்கை எழுந்து நின்றுவிட்டார். “சாமியவே ஏமாத்திப் போட்டயா பாவாத்தா?”

இவர் கம்பளிகளை மடிக்க ஆரம்பித்தார். ஒரே கம்பளியை நாலு தடவை மடித்தார்.

சபரியின் காரில் மலையிறங்கினோம். பன்னிரண்டு நாள் விட்ட மாத்திரைக்கு ஒன்றிரண்டு மாத்திரை போதவில்லை. சோதனைச் சாவடியில் வண்டி நின்றபோது, எனக்கும் நங்கைக்கும் நடுவே உட்கார்ந்திருந்த மிதுனாவுக்கு அது வந்தது. நங்கை அலறிக்கொண்டு, “சாவியக் குடுடா, இரும்பக் கையில குடுடா” என்றார். “இரும்பு வேண்டாம் நங்கை. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில ஒன்னும் வைக்காதீங்க. இழுக்கற கையப் புடிக்காதீங்க” என்றேன். நங்கை சேலைத் தலைப்பைச் சுருட்டி அவள் தலைக்குக் கீழே வைத்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் பத்து நொடி. வெளியே இறங்கி நின்ற இவரிடம் ஒரு காவலர் பெயர் எழுதச் சொல்லி நோட்டை நீட்டிக்கொண்டே இருந்தார்.

அந்த இரண்டு நிமிடம் பத்து நொடி காலையில் வந்திருந்தால்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் இவர் முதல்முறையாக வாயைத் திறந்தார். “எத்தன நாளா?”

“அம்பத்தி நாலுங்க.”

“அம்பத்தி நாலு நாளும் எனக்குச் சோறு போட்டிருக்கறே. எம் மகளுக்கு என்னன்னு நான் சாவடிக் காவலர் கூட நின்னு பாக்கோணுமா?”



சித்திரை 26, வெள்ளி

மிதுனாவைக் கோயமுத்தூர் டாக்டரம்மாவிடம் அவரே கூட்டிப்போனார். என்னையும் வா என்று சொல்லவில்லை. நானாகப் போய்க் காரில் ஏறிக்கொண்டேன். மாத்திரை அதேதான், மறுபடி ஒழுங்காகத் தொடர வேண்டும் என்றார் டாக்டரம்மா. நிறுத்தியது ஏன் என்று கேட்டார். மிதுனா, “ஒரு தப்பான பதில நம்பீட்டேங்க” என்றாள்.

சித்திரை 28, ஞாயிறு

நங்கை வீட்டிலிருந்து ஒரு தகவலும் இல்லை. சபரி மட்டும் மிதுனாவோடு போனில் பேசுகிறான். என்ன பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. பக்கத்து அறைக்குப் போய்விடுகிறேன்.

சித்திரை 29, திங்கள்

தோட்டத்துக் கோயிலுக்குத் தனியாகப் போனேன். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. பெருக்கி, தண்ணீர் தெளித்துவிட்டு வந்தேன்.

சித்திரை 31, புதன்

காலை ஆறரைக்குப் போன். திரையில் நங்கையின் பெயர். கல்யாணப் பேச்சை முறிக்கிறவர்கள் விடியற்காலையில்தான் முறிப்பார்கள். இவரிடம் நீட்டினேன். “உன்னத்தான் கூப்புடறாங்க, நீயே பேசு” என்றார்.

“பாவாத்தா, அந்த மாத்திரை பேரு என்ன?”

“எதுக்குங்க நங்கை?”

“கேட்டதுக்குச் சொல்லு.”

அட்டையை எடுத்து வந்தேன். மிதுனா ஒன்றாம் வகுப்பு படித்தபோது அவள் புத்தகத்தில் நானும் கற்றுக்கொண்ட இங்கிலீஷ். எழுத்து எழுத்தாகச் சொன்னேன். அந்தப் பக்கம் பேனா கீறுகிற சத்தம் கேட்டது. யாரிடம் காட்டப் போகிறாரோ, எந்த டாக்டரிடம் கேட்டு என்ன சொல்லப் போகிறாரோ. முன்பென்றால் இரண்டு எழுத்தை மாற்றிச் சொல்லியிருப்பேன்.

“எத்தன?”

“காலையில ஒன்னு, சாயந்தரம் ஒன்னுங்க.”

“சோத்துக்கு முன்னாலயா, பொறகா?”

“பொறகுங்க.”

“பால்ல குடிக்கலாமா, தண்ணிதானா?”

“தண்ணி நல்லதுன்னாங்க.”

“விடியால எத்தன மணிக்கு?”

“எட்டுங்க.”

“நாங்க ஏழுக்கே சாப்புட்ருவமே” என்று முணுமுணுத்தார். பேனா மறுபடி கீறியது. “செரி. எட்டுன்னா எட்டு.” வைத்துவிட்டார்.

எதற்காக இவ்வளவு விசாரிக்கிறார் என்று தெரியவில்லை. திருப்பிக் கூப்பிட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. ஒன்றையும் மாற்றிச் சொல்லவில்லை, ஒன்றையும் விடவில்லை.